பார்க்கவில்லை

தூத்துக்குடியில் அன்றைக்கும் மழை இல்லை. பிலோமி மொட்டைமாடியில் மண்டியிட்டு, மழைமானியின் கோடுகளைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அடியில் ஒரு எறும்பு செத்துக் கிடந்தது. மணி எட்டரை. போனில் 0 என்று தட்டிக் குழுவில் போட்டாள்.

குழுவின் பெயரே 'எட்டரை'தான். வெவ்வேறு ஊர்க்காரர்கள், தினமும் காலை எட்டரைக்குத் தங்கள் வீட்டு மழைமானியைப் பார்த்து எண்ணைப் போடுவார்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. வேளச்சேரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் அருணகிரி ஆரம்பித்து வைத்தது. அவர் போட்ட சட்டங்கள் கறாரானவை. சொந்தக் கண்ணால் பார்த்த எண்ணை மட்டுமே போட வேண்டும். ஊகிக்கக் கூடாது. பார்க்க முடியாமல் போனால் 'பார்க்கவில்லை' என்று எழுதிவிட வேண்டும். "தப்பான எண்ணைவிடக் காலிக் கட்டம் மேல்" என்பார்.

பிலோமிக்கு அடுத்து ராமநாதபுரம் கோட்டைச்சாமி வந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 'இன்னைக்கும் முட்டைதான். ஆம்லேட் போடவா?'

அடுத்து ஞானம் அக்கா.

'264.'

நீலகிரியில் சோலக்கல் என்ற தேயிலைத் தோட்டம். அங்கே இலை எடைபோடும் வேலை ஞானம் அக்காவுக்கு. குழுவில் அதிக மழையைப் பார்ப்பது அவள்தான். அந்த எண்ணைக் கண்டதும் கோட்டைச்சாமிக்குக் கை நிற்கவில்லை. 'யாத்தே! குழுவுக்கே சாதனை! ஞானத்துக்கு ஒரு மாலை வாங்குங்கப்பா!' யார் யாரோ கைதட்டல் படங்கள் அனுப்பினார்கள். பிலோமியும் ஒன்று அனுப்பினாள்.

படியிறங்கும்போதுதான் கீழே அம்மா பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சி காதில் விழுந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சோலக்கல்லில் நிலச்சரிவு. தோட்டத் தொழிலாளர்களின் மூன்று வரிசை லைன் வீடுகள் மண்ணுக்குள். பாதை அறுந்துவிட்டது.

பிலோமி கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னட்டி? மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?" என்றாள் அம்மா.

"எங்க அக்கா ஊரும்மா."

"எந்த அக்கா?"

பிலோமி போனைத் திறந்தாள். குழுவில் அருணகிரியும் செய்தியைப் பார்த்திருந்தார். 'ஞானம், பத்திரமா?' என்று கேட்டிருந்தார். உடனே பதில் வந்திருந்தது. 'நல்லா இருக்கேன் சார். கும்பிட்ட சாமி காப்பாத்திடுச்சு.'

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். பிலோமியும் விட்டாள். உப்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். செருப்பில் கால் நுழைக்கும்போது ஏதோ உறுத்தியது. செருப்பில் அல்ல. அந்த எண்ணில்.

அக்காவின் மழைமானியை அனுப்பி வைத்ததே பிலோமிதான். பரிசோதனைக் கூடத்தில் கழித்துக்கட்டிய அளவுக்குழாயில் செய்தது. இருநூறு மில்லிமீட்டருக்கு மேல் அது தாங்காது, வழிந்துவிடும். அப்படியானால் இருநூற்று அறுபத்து நாலை அக்கா எதில் பார்த்தாள்?

அருணகிரிக்கும் கோட்டைச்சாமிக்கும் சேர்த்து அழைப்புப் போட்டாள். அவள் அழைத்தது இதுவே முதல்முறை. பேச்சென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்து மட்டும்தான் வரும்.

"பிலோமியா? நீயா பேசுற?" அருணகிரி ஆச்சரியப்பட்டார்.

விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னாள்.

"நடுவுல ஒருதரம் காலி பண்ணியிருப்பாங்களேம்மா" என்றார் அவர்.

"அப்ப ரெண்டு எண் போடுவாங்க சார். போன வருசம் பாருங்க. இருநூறு கூட்டல் முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்காங்க. கூட்டிப் போட மாட்டாங்க. கூட்டுறது என் வேலையில்லன்னு உங்ககிட்டயே சண்டை போட்டாங்க."

கோட்டைச்சாமி கனைத்தார். "நானும் ஒண்ணு சொல்லணும். அங்கிட்டு நம்ம பழைய ஆளு ஒருத்தன் இன்னும் வேலைல இருக்கான். இப்பதான் பேசினேன். காலைல நாலே காலுக்கே அந்த மலை முழுக்கக் கரண்டு போயிருச்சு. டவரும் படுத்திருச்சு. டவரே இல்லாம ஞானம் எப்படிச் சாமி கும்பிட்டுச்சு?"

கடைசியில் அருணகிரிதான் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"பதிலி."

நாட்டில் பாதிப் பேரிடம் அது இருந்தது. நாம் எழுதியதையும் பேசியதையும் கேட்டுக் கேட்டுப் பழகி, நாம் பதில் சொல்லாதபோது நம்மைப் போலவே பதில் சொல்லும். முதலில் வந்தபோது ஒவ்வொரு பதிலோடும் சின்னதாக ஒரு மணி அடிக்கும். பேசுவது ஆளில்லை என்று தெரிந்துவிடும். வாடிக்கையாளர்கள் மனம் நோகிறது என்று அந்த மணியை எடுத்துவிட்டார்கள்.

"திருப்பூர்ல இருக்க மகனுக்காக வாங்கினேன்னு ஞானம் சொல்லியிருக்கு" என்றார் அருணகிரி. "மலையில சிக்னல் போனா பையன் பயந்துக்கிறானாம். அது போன்ல இல்லம்மா, எங்கேயோ சர்வர்ல இருக்கு. போன் மண்ணுக்குள்ள போனாலும் அது பேசும். தினம் எட்டரைக்கு ஞானம் ஒரு எண் போடும்னு அதுக்குப் பழகியிருக்கு. செயற்கைக்கோள்ல இருந்து மழையை எடுத்துப் போட்டிருக்கும்."

"இருக்கும், இருக்கும்னா எப்படி சார்? ஒருதரம் கேட்டுப் பாத்துருவோம்" என்றாள் பிலோமி.

குழுவில் எழுதினாள். 'அக்கா, மழைமானியில இப்ப எவ்வளவு இருக்கு? போய்ப் பாத்துச் சொல்லுங்க.'

மூன்று வினாடி. 'இப்ப பதினொண்ணு இருக்கு புள்ள.'

அக்காவின் வீட்டிலிருந்து மழைமானி இருக்கும் மேட்டுக்கு நாற்பது படி. அட்டைக் கடியோடு அந்த நாற்பது படி ஏறுவதைப் பற்றி அவள் புலம்பாத வாரம் கிடையாது.

'புள்ள' என்ற சொல்லை பிலோமி மறுபடி படித்தாள். அக்கா அவளை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அருணகிரி, ஞானம் அக்காவின் மகன் யோகராஜைப் போனில் பிடித்தார். அவனோ கோபப்பட்டான். "இப்பத்தான் சார் அம்மாகிட்டப் பேசினேன். நல்லாருக்கேன், நீ சாப்பிட்டியான்னு கேட்டாங்க. எங்கம்மா குரல் எனக்குத் தெரியாதா?"

"தம்பி, அது..."

"சார், காலைலயே அபசகுனமாப் பேசாதீங்க." வைத்துவிட்டான்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் இன்னும் மோசம். அருணகிரி பத்து நிமிடம் காத்திருந்து, பேசி, சோர்ந்துபோய் மறுபடி அழைப்பில் வந்தார். "ஞானேஸ்வரிங்கிற முழுப் பேர்ல நம்ம ஞானத்தை 'நலம்' பட்டியல்ல ஏத்திட்டாங்க. இவங்க அந்த நம்பருக்கு அடிச்சிருக்காங்க, ஆளு பேசியிருக்கு. போன் எடுத்துப் பேசினவங்களைத் தேட ஆள் அனுப்ப முடியாதுங்கிறாங்க. நேரடியா ஏதாவது தகவல் இருக்கான்னு கேட்டாங்க. அவங்க கடைசியா யார்கிட்டயாவது எங்க இருக்கேன்னு சொல்லியிருந்தா மட்டும் பேசச் சொன்னாங்க. உன்கிட்டதான ஞானம் தனியாப் பேசும்?"

பேசும். அக்கா தினமும் இரண்டு நிமிடமாவது குரல் செய்தி அனுப்புவாள். அட்டை, கங்காணி, முட்டுவலி, மகனுக்குப் பெண் பார்ப்பது. பிலோமிக்கு அவற்றைக் கேட்கப் பிடிக்கும். ஆனால் குரலிலேயே பதில் சொல்லச் சொல்லி அக்கா வற்புறுத்துவாள். அதற்குத் தைரியம் வராமல் போன மாதம் பிலோமியும் ஒரு பதிலி வைத்துக்கொண்டாள். வேலை நேரத்தில் பத்து நிமிடத்துக்குள் அவள் பதில் சொல்லாவிட்டால் அது சொல்லும். இந்த விஷயம் அக்காவுக்கும் தெரியாது, குழுவில் யாருக்கும் தெரியாது.

பதிலி அனுப்பியிருந்த நேற்று மாலையின் சுருக்கத்தை அவள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது திறந்தாள்.

'இன்று ஒன்பது பேருக்குப் பதில் அளிக்கப்பட்டது. ஞானம் அக்கா: மழை பற்றிப் பேசினார். ஆறுதல் சொல்லப்பட்டது.'

அக்காவின் செய்தியை அழுத்தினாள். மாலை நாலு நாற்பது. பின்னால் தகரத்தில் மழை அடிக்கும் சத்தம்.

"பிலோமி, ஒரு விசயம் கேக்கணும் புள்ள. ரெண்டு நாளாச் செகப்பா ஓடிட்டிருந்த ஓடைத் தண்ணி மதியத்துல இருந்து கொறைஞ்சு போச்சு. மழை என்னவோ ஊத்துது, தண்ணி மட்டும் வரல. எனக்கென்னவோ நல்லதாப் படல. நாலாம் லைன்லயே இருக்கட்டா, இல்ல பக்கத்துல இருக்கவங்களையும் கூட்டிக்கிட்டு மேல பேர் குடுக்குற மஸ்டர் கொட்டகைக்குப் போயிரட்டா? நீ சயின்ஸ் படிச்ச புள்ள. யோசிச்சுச் சொல்லு. நீ சொல்றதத்தான் கேப்பேன்."

மழை கொட்டும்போது ஓடை வற்றினால் மேலே எங்கோ மண் சரிந்து அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடைத்தது ஒரு நேரம் உடையும். இதை பிலோமி படித்திருக்கிறாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அதன் கீழே அவள் பெயரில், அவள் குரலில் ஒரு பதில் இருந்தது. திக்கல் இல்லாத, தெளிவான, அன்பான குரல்.

"பயப்படாதீங்க அக்கா. மழை சீக்கிரம் குறைஞ்சிடும். இந்த மழையில வெளியே போகாதீங்க. வீட்டிலயே பத்திரமா இருங்க."

பிறகு அக்கா எழுத்தில் கேட்டிருந்தாள். 'பிலோமி, நீதானா?'

'ஆமா அக்கா, நான்தான்.'

அதோடு முடிந்திருந்தது.

பிலோமி போனைத் தரையில் வைத்தாள். அம்மா வந்து தோளைத் தொட்டதும், தண்ணீர் கொடுத்ததும் எங்கோ தூரத்தில் நடப்பது போலிருந்தது. இதை அழித்துவிடலாம். ஒரு தொடுதல்தான். அக்கா கேட்டது யாருக்கும் தெரியாமல் போகும், பதில் சொன்னதும் தெரியாமல் போகும். அந்த நினைப்பு ஒரு கணம் வரத்தான் செய்தது. ஆனால் அக்கா இருக்கக்கூடிய இரண்டு இடங்களும் உலகத்திலேயே அந்தச் செய்தியில் மட்டும்தான் இருந்தன.

கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தாள்.

"சொல்லுங்க, பாக்கியவதி பேசுறேன்." தொண்டை கட்டிய, களைத்த குரல்.

"மே... மேடம், நான் வந்து... சோலக்கல்..."

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஆளா, பதிலியா? காலைல இருந்து எங்க மாமா எங்கே, எங்க சித்தி எங்கேன்னு பாதிக்குப் பாதி பதிலிதான் கேட்டுக்கிட்டிருக்கு. சொந்தக்காரன் தூங்குறான் போல."

"நா... நான் ஆளு மேடம். எப்படி நிரூபிக்கிறதுன்னு தெ... தெரியல."

அந்தப் பக்கம் சின்னதாய் ஒரு மூச்சு. "சரி, ஆளுதான். அது திக்காது. சொல்லுங்கம்மா."

சொன்னாள். மழைக் குழு, அதன் சட்டங்கள், அளவுக்குழாய், கூட்டல் குறி, நாற்பது படி, டவர் எல்லாம். பாக்கியவதி குறுக்கே பேசவில்லை. கடைசியில் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினாள். அதற்கு வந்த பதிலையும் போட்டுக் காட்டினாள். மறைக்கவில்லை.

"இந்தப் பதில் சொன்னது யாரு?"

"என் பதிலி மேடம். நான் கேக்கவே இல்ல. இப்பதான் கேட்டேன்."

பாக்கியவதி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்க பாருங்கம்மா. சோலக்கல்ல நாற்பத்து மூணு பேரை நலம்னு எழுதி வச்சிருக்கோம். அத்தனை பேரும் போன்ல பேசினவங்க. டவர் நாலே காலுக்குப் போனதுன்னா இந்தப் பட்டியல்..." அவர் முடிக்கவில்லை. "அத அப்புறம் பாக்குறேன். இப்ப என்கிட்ட ஒரே ஒரு மீட்புக் குழுதான் அந்தப் பக்கம் இருக்கு. பதினாறு பேரு. நாலாம் லைன் கிழக்கோரம், மஸ்டர் கொட்டகை மேற்கு மேடு. நடுவுல சரிவு. சுத்திப் போக நாலு மணி நேரம். ரெண்டு பக்கமும் அனுப்ப முடியாது. உங்க அக்கா எங்க இருப்பாங்க?"

"தெரியல மேடம்."

"நீங்கதான் வீட்லயே இருங்கன்னு சொல்லியிருக்கீங்க. நீங்க சொல்றதத்தான் கேப்பேன்னு அவங்க சொல்லியிருக்காங்க. அப்ப வீடுதானே?"

கணக்குப்படி வீடுதான். பிலோமி கண்ணை மூடிக்கொண்டாள். ஊகிக்கக் கூடாது. பார்க்காததைச் சொல்லக் கூடாது. இந்த இரண்டு வருடத்தில் அவள் ஒருநாளும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. ஆனால் 'பார்க்கவில்லை' என்று சொன்னால் பதினாறு பேர் எந்தப் பக்கம் நடப்பார்கள்?

'பிலோமி, நீதானா?'

ஏன் கேட்டாள்? குரல் அவளுடையதுதான். சொல்லும் அவளுடையதுதான். அப்புறம் ஏன் கேட்டாள்?

"மேடம், அவங்க நம்பல" என்றாள். இம்முறை திக்கவில்லை. "நீதானான்னு கேட்டிருக்காங்க. நம்பியிருந்தா சரி புள்ளன்னு முடிச்சிருப்பாங்க. ஆமான்னு பதில் வந்தப்புறம் ஒண்ணுமே எழுதல. சந்தேகம் வந்த மனுசி வீட்டுக்குள்ள படுத்திருக்க மாட்டாங்க. மேல அனுப்புங்க."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"இல்ல மேடம். ஊகம்தான்."

"வீட்டுக்குள்ள இருந்தா?"

பிலோமியின் கண் தொலைக்காட்சியில் தெரிந்த மண்சரிவில் நின்றது.

"சரி" என்றார் பாக்கியவதி. "இந்த நம்பர்லயே இருங்க. நீங்களே எடுங்க."

மணி ஒன்பதே முக்கால். அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. பரிசோதனைக் கூடத்துக்கு விடுப்புச் சொன்னாள். தன் பதிலியை அணைக்கப் போனாள். 'நீங்கள் இல்லாத நேரத்தில் உங்களுக்கு வேண்டியவர்கள் காத்திருக்க நேரிடும். உறுதியாக அணைக்கவா?' என்று கேட்டது. அணைத்தாள்.

குழுவில் நடந்ததையெல்லாம் எழுதினாள். வெகுநேரம் கழித்துக் கோட்டைச்சாமி எழுதினார். 'நான் கம்பத்துல ஏறுன காலத்துல கீழ நிக்கிறவன் லைனை அணைச்சாச்சுன்னு சொன்னா நம்பித் தொடுவோம். ஒருநாளு ஒருத்தன் பாக்காமயே சொல்லிட்டான். நான் பொழச்சேன். அவன்தான் அப்புறம் தூங்கவே இல்ல. நீ சாப்புடு தாயி.'

அவளால் சாப்பிட முடியவில்லை. பதினொன்றரைக்கு ஞானம் அக்காவின் பெயரில் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'என்ன எல்லாரும் அமைதியா இருக்கீங்க? சாப்பிட்டாச்சா?' யாரும் பதில் போடவில்லை. பிலோமி போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்தாள். அழைப்பு வந்தால் தெரிய வேண்டுமே.

ஒரு மணிக்கு யோகராஜ் அழைத்தான். அழுதுகொண்டிருந்தான். "சின்ன வயசுல எனக்கு எந்தக் கைல தீக்காயம் பட்டுச்சுன்னு அம்மாகிட்டக் கேட்டேங்க. வலதுன்னு சொல்லிட்டு, ராசா இப்ப எதுக்கு அதெல்லாம்னு சிரிக்குது. எனக்குக் காயமே பட்டதில்லீங்க." பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னான். பிலோமிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். அவன் அழைப்பைத் துண்டிக்காமல் கொஞ்சதூரம் அப்படியே வந்தான். பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு மணி. இரண்டரை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். யாருக்காக என்று கேட்கவில்லை.

மூன்று பத்துக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பிலோமியாம்மா? பாக்கியவதி. கொட்டகையில பதினொரு பேர் இருக்காங்க. உயிரோட."

பிலோமி அக்காவைப் பற்றிக் கேட்பதற்குள் பாக்கியவதியே சொன்னார். "ஞானேஸ்வரிக்குக் கால்ல எலும்பு முறிஞ்சிருக்கு. ராத்திரி கடைசியா ஒரு கிழவரைத் தூக்கிட்டு ஏறினப்ப விழுந்துட்டாங்களாம். குழுத் தலைவர் வயர்லெஸ்ல இருக்கார். அவங்க ஒண்ணு சொல்லணுமாம். போன்ல பிடிச்சுக் காட்டுறேன், கேளுங்க."

இரைச்சல். காற்று. அதற்கு நடுவே கரகரவென்று ஒரு குரல்.

"பிலோமி! கேக்குதா புள்ள?"

"அக்கா..." போனை இரண்டு கையாலும் பிடித்தாள். "அக்கா, அது நா... நான் இல்ல."

"தெரியும்டி."

"எப்படிக்கா?"

"உன்கிட்ட எதக் கேட்டாலும் மொதல்ல 'தெரியலக்கா'ன்னு சொல்லுவ. அரை மணி நேரம் கழிச்சு ரெண்டு பக்கம் எழுதுவ. அது கேட்ட ஒடனே எல்லாம் தெரிஞ்ச மாதிரிச் சொல்லுச்சு. நீ எங்கயோ மாட்டிக்கிட்ட, உன் போனை எவனோ வச்சிருக்கான்னு நெனச்சு உனக்காக வேற பயந்துட்டேன். சரி, இவ சொல்ல மாட்டா, நாமளே பாத்துக்குவோம்னு எல்லாரையும் கெளப்பினேன்." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அஞ்சாம் வீட்டு மாரியப்பனும் அவன் சம்சாரமும் வரல. மக போன்ல வீட்லயே இருங்கன்னு சொல்லுச்சாம். அது மகதானான்னு..."

இரைச்சல் வந்து மூடியது.

பாக்கியவதியின் குரல் திரும்ப வந்தது. "அந்தக் குழுவை இப்ப அஞ்சாம் வீட்டுக்கு அனுப்புறேன். அவங்க பேரும் நலம்னுதான் இருந்துச்சு." தாளைப் புரட்டினார். "உங்க மழைக் குழுவுல கண்ணால பாக்க முடியலன்னா என்னமோ எழுதுவோம்னீங்களே?"

"பார்க்கவில்லை."

"ம்." பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. நீளமாகக் கேட்டது. நாற்பத்து மூன்றிலிருந்து பதினொன்றைக் கழித்தால் முப்பத்திரண்டு பெயர்கள்.

மறுநாள் காலை எட்டரைக்கு பிலோமி மொட்டைமாடியில் மண்டியிட்டாள். ராத்திரி லேசாகத் தூறியிருந்தது. 1.2. போட்டாள். கோட்டைச்சாமி முட்டை போட்டார். அந்த நொடியே ஞானம் அக்காவின் பெயரிலிருந்து, தவறாமல், '143' வந்தது. போன் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. யாரும் கைதட்டவில்லை.

எட்டு நாற்பத்தொன்றுக்கு அறிமுகமில்லாத ஓர் எண்ணிலிருந்து, ஞானம் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ் யாரிடமாவது இரவல் வாங்கிய போனாக இருக்கும், பிலோமிக்கு ஒரே ஒரு சொல் வந்தது. அதை அப்படியே குழுவில் போட்டாள்.

'பார்க்கவில்லை.'

பிறகு ராமநாதபுரத்திலிருந்து வந்தது.

'சாதனை.'